காரின் கீறல்களையும் மங்கலையும் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: ஐந்து வருடம் ஆன கருஞ்சாம்பல் நிற மெட்டாலிக் கார். வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடுகள். எத்தனை தடவை கழுவினாலும் போகாத வெள்ளைப் புள்ளிகள். பின்கதவில் ஒரு கீறல் வேறு. கடைக்குப் போகாமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்:

முக்கால்வாசி முடியும். முடியாத கால்வாசி எது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், பெயின்ட்டும் மிஞ்சும்.

தகரத்தின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியே சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பும் வெயிலிலிருந்து பாதுகாப்பும் அந்த அரை முடி கனத்தில்தான் இருக்கின்றன. பாலிஷ் போடும்போது கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறோம். தேய்ந்தது திரும்ப வளராது. அதனால்தான் வருடா வருடம் "ரப்பிங் பாலிஷ்" போடச் சொல்லும் கடைகளை நான் பரிந்துரைப்பதில்லை.

பின்கதவுக் கீறலில் விரலால் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரத்தில் கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டோடு நிற்கிறது, பாலிஷில் போய்விடும். ஈரத்திலும் தெரிந்தால் நகத்தைக் குறுக்காக இழுங்கள். நகம் மாட்டிக்கொண்டால் டச்சப் பெயின்ட்தான் (கீறலில் மட்டும் தொட்டு வைக்கும் சிறு பாட்டில் பெயின்ட்) வழி. உள்ளே வெளிர் நிறம் தெரிந்தால் பிரைமர், பழுப்பு தெரிந்தால் துரு ஆரம்பம். பம்பரில் கறுப்புத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பிளாஸ்டிக். துருப் பிடிக்காது, ஆற அமரச் செய்யலாம்.

சிலந்தி வலைக் கோடுகள் ரோட்டில் விழுந்தவை அல்ல, துடைத்துத் துடைத்து விழுந்தவை. அபார்ட்மென்ட்டில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரும் ஒரு பழைய பனியன் துணியுமாக ஆறேழு கார் துடைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். முதல் காரின் மணல் ஆறாவது காரில் உப்புத்தாள் வேலை பார்க்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுக்கிற சம்பளத்துக்கு அதுதான் கிடைக்கும். தினமும் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும், பாடியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உலர்ந்த தூசியைத் தட்டும் நார் டஸ்டரும் இதே கதைதான்.

நீங்களே கழுவும்போது பானட் கைக்குச் சுடக் கூடாது. காலை 7 மணிக்கு முன்போ, வெயில் இறங்கிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள்; பாதி வேலை இதுதான். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் 10 லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 50 மில்லி கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியும் சக்கரமும் கடைசியில், அதுவும் தனித் துணியில். பாத்திரம் கழுவும் லிக்விட், பெயின்ட் மேல் பூசிய வாக்ஸை (பாதுகாப்பு மெழுகை) கழற்றிவிடும். பாலிஷுக்கு முந்தின நாள் ஒரு தடவை போட்டால் தப்பில்லை, வாராவாரம் வேண்டாம். துணிப் பவுடரை அண்டவே விடாதீர்கள்.

வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம் போர் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் தங்கிவிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவுபவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், புள்ளியும் அதிகம். அதைவிட ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு வைத்துக்கொண்டால் பானட்டுக்கும் கூரைக்கும் ஒரு வாளி தாராளம். எந்தத் தண்ணீரானாலும் தானாகக் காய விடாமல் தடித்த மைக்ரோஃபைபர் துண்டை மேலே விரித்து ஒற்றி எடுங்கள்.

ஏற்கெனவே படிந்த புள்ளிகளுக்குச் சமையல் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து நிழலில் 1 அல்லது 2 நிமிடம் போர்த்தி வைத்து, துடைத்து, உடனே ஷாம்பு போட்டு அலசுங்கள். வெள்ளை போயும் வட்டமான வரம்பு மட்டும் நின்றால் உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள். அதை வினிகர் தொடாது, பாலிஷ் வேலை.

காக்கை, மைனா எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. ஈர டிஷ்யூவை மேலே போட்டு 10 நிமிடம் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். கோடை வெயிலில் ஒரே பகலில் தழும்பு விழுந்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். மாமரத்தடியில் நிறுத்தினால் ஒட்டும் பிசுபிசுப்பு பூச்சிகளின் கழிவு. வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீர் போதும். தார் ஒட்டியிருந்தால் துணியில் கொஞ்சம் சீமெண்ணெய் தொட்டு அரை நிமிடம் வைத்துத் துடைத்து, அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தின்னர் மட்டும் எடுக்காதீர்கள். ஏற்கெனவே எங்காவது ரீபெயின்ட் ஆகியிருந்தால், நிறத்தோடு கையில் வந்துவிடும்.

கழுவிக் காய்ந்த பானட்டில், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். ஒட்டியிருக்கும் இரும்புத் துகள், பெயின்ட் தூறல் எல்லாம் அது. இதற்குக் களிமண் மாதிரியான கிளே பார் கிடைக்கும். 100 கிராம் கட்டியை நான்காகப் பிய்த்து, ஒரு துண்டைத் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கானால் மடித்துப் புது முகம் எடுக்க வேண்டும். கீழே விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் புதுக் கோடு போடும். அதனால்தான் நான்காகப் பிய்க்கச் சொன்னேன்.

இனி பாலிஷ். சிறு கீறலுக்குக் கையே போதும். பானட் முழுக்க என்றால் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வேண்டும், சுழன்றபடியே அசையும் மெஷின் என்பதால் ஒரே இடத்தைச் சூடாக்காது. 4 அங்குல கிரைண்டரில் பஞ்சு பேட் மாட்டி வேலையை முடிக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை போகும். பாலிஷுக்கான ரோட்டரி மெஷினே 3,000-ஐத் தாண்டத் தேவையில்லை. இரண்டு விநாடி அசந்தால் கிளியர் கோட் கருகிவிடும்.

நிழலில், இரண்டடிக்கு இரண்டடி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பானட் மடிப்பு, கதவு விளிம்பு, பிளாஸ்டிக் பட்டை எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்புகளில் பெயின்ட் மெலிந்திருக்கும். ஃபோம் பேடில் பட்டாணி அளவு 4 சொட்டு பாலிஷ். முதல் வேகத்தில் பரப்பி, 4-ஆவது வேகத்துக்கு ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை மெதுவாக ஓட்டுங்கள். அவசரம்தான் இங்கே பெரிய எதிரி. பேட் நகர்வது கண்ணுக்குச் சலிப்பாக இருந்தால் வேகம் சரி. துடைத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எப்போதும் மிருதுவான பாலிஷில் ஆரம்பியுங்கள், போகவில்லை என்றால் மட்டும் அதைவிடச் சொரசொரப்பான காம்பவுண்ட். பத்தில் எட்டுக் கோடு போனால் நிறுத்திவிடலாம். மீதி இரண்டைத் துரத்தினால் கிளியர் கோட் தீரும். இது முடிந்ததும் வாக்ஸை மிக மெல்லியதாகப் பூசி, பனி படர்ந்தது போல் ஆனதும் துடைத்தெடுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

நகம் மாட்டும் கீறலுக்கு வருவோம். முதலில் காரின் நிறக் குறியீடு. டிரைவர் கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ உள்ள தகட்டில் அல்லது ஸ்டிக்கரில் இருக்கும். மாருதியின் சில்கி சில்வர் என்றால் Z2S என்பது போல. "கிரே கலர் கொடுங்க" என்று கடையில் கேட்டால் ஏதோ ஒரு கிரே கிடைக்கும்.

துரு இருந்தால் பென்சில் முனை ரப்பரில் 600 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டி, ரஸ்ட் கன்வெர்ட்டர் (துரு பரவாமல் நிறுத்தும் திரவம்) தடவிக் காய விடுங்கள். துருவை மூடி மேலே பெயின்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்புளமாகக் கிளம்பும், கடலோரத்தில் இன்னும் சீக்கிரம். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வாக்ஸ் மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. தகரம் தெரிந்த இடத்தில் பிரைமர். அதன் மேல், பாட்டிலை 2 நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, மூடியோடு வரும் தடித்த பிரஷ்ஷை விட்டுவிட்டு, பல்குத்தும் குச்சி முனையிலோ மிக மெல்லிய ஓவியத் தூரிகையிலோ தொட்டு, பள்ளத்துக்குள் மட்டும் விடுங்கள். அரை மணி இடைவெளியில் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, பிறகு குழிந்துவிடும். கடைசியாக கிளியர், சுற்றுப்பரப்பைவிட ஒரு மயிரிழை உயரமாக. ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு 2000, அடுத்து 3000 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேட்டை மட்டும் தேய்த்து, காம்பவுண்ட் போட்டால் மட்டமாகிவிடும்.

உங்களுடையது மெட்டாலிக் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஸ்ப்ரே அடிக்கும்போது அலுமினியத் துகள்கள் படுத்துக்கொள்ளும். தூரிகையில் தொட்டு வைத்தால் தாறுமாறாக நிற்கும். அதனால் சரியான குறியீட்டு நிறம் வாங்கினாலும் கொஞ்சம் கறுத்துத்தான் தெரியும். மூன்றடி தள்ளி நின்று பார்த்துக் கண்ணை உறுத்தவில்லை என்றால் வேலை நன்றாக வந்திருக்கிறது. உள்ளங்கையைவிடப் பெரிய பரப்பு, டெண்டோடு சேர்ந்த கீறல் இரண்டையும் டிங்கரிங் கடைக்கே விடுங்கள்.

டூத் பேஸ்ட் பற்றிக் கட்டாயம் யாராவது கமென்ட்டில் கேட்பார்கள். அதில் இருப்பதும் ஒரு வகை உராய்வுத் தூள்தான், ஆனால் பல்லுக்காகச் செய்தது; சின்னக் கோடு போகும், அந்த இடம் மங்கலாகும். கறுப்பு பிளாஸ்டிக்கில் தேங்காய் எண்ணெய் இரண்டு நாள் மின்னும், மூன்றாம் நாள் தெருத் தூசி எல்லாம் அதில்தான் இருக்கும்.

பாலிஷ் போட்ட கையோடு ஆயுத பூஜை வந்தால் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் வையுங்கள். பானட்டில் வைத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் சொன்னால், மறுநாள் காய்ந்த சந்தனத்தைத் துணியால் தேய்க்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். வாழைக்கன்றை கிரில்லில் கட்டும் நைலான் கயிற்றுக்கு அடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள்.