பனிக்காலத்துல ஸ்பிரேயரை கழுவி எடுத்து வைக்கிறது எப்படி?

கேள்வி: வணக்கம் சார். நீலகிரில கேத்தி பக்கம் கேரட், பீட்ரூட், பூண்டு போட்டிருக்கேன். பக்கத்துல ஒரு காட்டேஜ் புல்தரையையும் நான்தான் பாத்துக்கறேன், அங்க களைக்கு 2,4-டி அடிப்பேன். பெட்ரோல் இன்ஜின் வெச்ச எச்டிபி (அதிக பிரஷர் பிஸ்டன் பம்பு) பவர் ஸ்பிரேயர் ஒண்ணு, பேட்டரி ஸ்பிரேயர் ஒண்ணு வெச்சிருக்கேன். போன பனிக்கு ரெண்டையும் ஓடை ஓரத்து ஷெட்ல போட்டு வெச்சதுல பம்பு ஹெட்டு விரிசல் விட்டுருச்சு, பேட்டரியும் செத்துப்போச்சு. வீடியோல கார் கூலண்ட் (ரேடியேட்டர்ல ஊத்துற உறையாத திரவம்) ஊத்தி வைங்கன்னு சொல்றாங்க, ஊத்தலாமா? அந்த விரிசல் வெல்டிங் வெச்சா நிக்குமா?

பதில்: வணக்கம்ங்க அண்ணா. கூலண்ட் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றேன், ஆனா நீங்க கேக்காத ஒண்ணு இதுல இருக்கு, அதத்தான் எனக்கு ரொம்ப அழுத்திச் சொல்லணும். புல்தரைக்கு 2,4-டி அடிச்ச டேங்க்லயேதான் கேரட், பீட்ரூட்டுக்கும் மருந்து அடிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல விரிசல். தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருசாகும், ஃப்ரீசர்ல நிரப்பி வெச்ச பாட்டில் வெடிக்கிற மாதிரிதான். பம்பு ஹெட்டுல, வால்வு இருக்கிற குழியில, பிரஷர் கேஜ் அடியில எல்லாம் கொஞ்சம் தண்ணி தங்கியே இருக்கும், டேங்க்கை கவுத்து ஊத்திட்டோம்னு நம்ம நினைச்சுக்குவோம். அதுல ஓடை ஓரம் வேற. நம்ம மலைல நவம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் வானம் வெறிச்சுன்னு இருக்கிற ராத்திரி குளிர்ந்த காத்து கனமாகி சரிவுல இறங்கி பள்ளத்துல போய் தேங்கிக்கும், அதனாலதான் தலைகுந்தா, காந்தல் மாதிரி தாழ்வான இடமெல்லாம் விடிகாலைல வெள்ளையா கிடக்கும், அதே நேரம் மேட்டுல இருக்கிற வீட்டு வாசல்ல வெறும் ஈரம்தான் இருக்கும். உங்க ஷெட் இருக்கிறது சரியா அந்த பனி தேங்குற இடத்துல. மெஷினை மேல வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க, பாதி பிரச்சினை அதுலயே முடிஞ்சுது.

இப்ப அந்த 2,4-டி விஷயம். புல்லை விட்டுட்டு அகல இலைக் களையை மட்டும் கொல்ற மருந்து அது. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கோஸ் எல்லாமே அகல இலைதான், அதனால அதுக்கு இதெல்லாமே களைதான். டேங்க் சுவர்லயும், ஹோஸ் ரப்பர்லயும், வாஷர்லயும் ஒட்டிட்டு இருக்கிற கொஞ்சம் போதும், அடுத்து பூச்சிமருந்து கலக்கும்போது கரைஞ்சு வந்துரும். தண்டு முறுக்கிக்கிட்டு வளையும், இலை கிண்ணம் மாதிரி மடங்கும், நம்ம ஆளுங்க அதை வைரஸ்னு நினைச்சு இன்னொரு மருந்து வாங்கி அடிப்பாங்க. பனி நாள்ல சிலர் விடிகாலைல இலை மேல படிஞ்ச உறைபனி கரையறதுக்கு ஸ்பிரேயர்லயே தண்ணி அடிக்கிறாங்க இல்லீங்களா, அந்த டேங்க்ல களைக்கொல்லி மிச்சம் இருந்தா என்ன ஆகும்னு பாத்துக்கங்க. அதனால எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி கழுவுறதை மட்டும் அவசரப்படாம செய்யுங்க.

எப்படின்னா, கையுறை, கண்ணாடி, பூட்ஸ் போட்டுக்கங்க. முதல்ல டேங்க்ல கால்வாசி நல்ல தண்ணி ஊத்தி குலுக்கி, ஹோஸ், லான்ஸ் (கையில பிடிச்சு அடிக்கிற நீளக் குழாய்), நாசில் வழியா அடிச்சே வெளிய விடுங்க, சும்மா கவுத்து ஊத்தினா ஹோஸ் கழுவாது. இதை மூணு தடவை. அந்தத் தண்ணியை எங்க மருந்து அடிச்சீங்களோ அந்தப் புல்தரை மேலயே பரவலா அடிச்சுருங்க, ஓடைக்குள்ள மட்டும் விடவே கூடாது, கீழ நாலு ஊரு அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. அப்புறம் நீங்க வாங்கினது ஈஸ்டர் வகையா, உப்பு வகையான்னு லேபிள்ல பாருங்க. ஈஸ்டர் எண்ணெய் மாதிரி ஒட்டும், வெறும் தண்ணிக்கு அசையாது, அதுக்கு சோப்புத்தூள் கரைச்ச தண்ணில ஒரு தடவை கழுவணும். அதுக்கு மேல எந்த வகையா இருந்தாலும் 10 லிட்டர் தண்ணிக்கு 100 மில்லி வீட்டு உபயோக அமோனியா கலந்து, இல்லாட்டி 60 கிராம் சலவை சோடா கரைச்சு, கொஞ்சம் நாசில் வரைக்கும் அடிச்சு விட்டுட்டு ராத்திரி முழுக்க அப்படியே ஊற விடுங்க. இந்த ஊறல் ராத்திரி மெஷின் வீட்டு ஷெட்டுக்குள்ளதான் இருக்கணும், வெளிய பனில விட்டுறாதீங்க. காலைல அடிச்சு காலி பண்ணி மறுபடி நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை. நாசில், வடிகட்டியை மட்டும் தனியா கழட்டி அதே கரைசல்ல ஊறப் போடுங்க. முக்கியம், அமோனியாவோட பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது, விஷ வாயு வரும், பக்கெட் கூட வேற வேற வெச்சுக்கங்க.

இவ்வளவு செஞ்சாலும் என் அபிப்பிராயம், களைக்கொல்லிக்குன்னு தனியா ஒரு முதுகு டேங்க் வாங்கி சிவப்பு பெயிண்ட் அடிச்சு வெச்சிருங்க. ஒரு பாத்தி கேரட் போனா ஆகிற நஷ்டத்துக்கு அந்த டேங்க் விலை பெருசில்ல.

கழுவியாச்சுன்னா தண்ணியை வடிக்கணும். எச்டிபி பம்புல உறிஞ்சுற ஹோஸை வெளிய எடுத்துட்டு ஒரு 10, 15 செகண்ட் மட்டும் ஓட்டுங்க, உள்ள தேங்கினது துப்பிரும், அதுக்கு மேல காய்ஞ்சு ஓடினா பிஸ்டன் வாஷர் போயிரும். பிரஷரை முழுசா இறக்கிட்டு, டிரெயின் நட்டு இருந்தா திறந்தே விடுங்க. டிரிகரை அழுத்தி லான்ஸை தலைகீழா பிடிச்சு உதறுங்க, அதுக்குள்ள நிக்கிற அந்த ஒரு மடக்கு தண்ணிதான் பித்தளை வால்வைப் பிளக்கும். கிரீஸ் கப்புல கிரீஸ் போடுங்க. ஹோஸை ஆணில தொங்க விடாம பெரிய வட்டமா சுத்தி எலி ஏறாத இடத்துல வைங்க. நாசிலை பல் தேய்க்கிற பழைய பிரஷ்ல தேய்ங்க, ஊசி கம்பி குத்தினா ஓட்டை பெருசாகும், வாய வெச்சு ஊதவே ஊதாதீங்க.

இப்படி வடிச்சு வீட்டுக்குள்ள வெச்சா கூலண்டுக்கு வேலையே இல்ல. அந்த வீடியோ எல்லாம் மாசக்கணக்கா பனிக்கட்டில கிடக்கிற நாட்டுக்கு, அங்க புல்தரை மெஷினுக்கெல்லாம் அதுக்குன்னே தனியா உறையாத திரவம் ஊத்துவாங்க. நமக்கு குளிர் பூஜ்யத்துக்கு இறங்குறது விடிகாலை கொஞ்ச நேரம்தான். அதோட கார் கூலண்ட்ல பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், இனிப்பா இருக்கிறதால நாயும் மாடும் நக்கிரும், கொஞ்சம் போனாலே கிட்னி போயிரும்.

இன்ஜினுக்கு, டேங்க் பெட்ரோலை எடுத்துட்டு கார்புரேட்டர்ல இருக்கிறது தீர்ந்து தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி பம்பு பெல்ட்டைக் கழட்டிருங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, அது ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு கேக்கவே வேண்டாம். பிளக்கைக் கழட்டி நாலு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு கயிறை மெதுவா ரெண்டு தடவை இழுத்துட்டு மாட்டிருங்க. 4 ஸ்ட்ரோக்னா சூடா இருக்கும்போதே பழைய ஆயிலை மாத்திருங்க.

பேட்டரி செத்தது சார்ஜ் இறங்கிப்போய் கிடந்ததாலதான் இருக்கும். லெட் ஆசிட் பேட்டரின்னா முழு சார்ஜ் போட்டுட்டு வைங்க, மாசம் ஒரு தடவை மறுபடி ஏத்துங்க, முழு சார்ஜ்ல இருந்தா நம்ம குளிருக்கு உறையாது, காலியா இருந்தா உறையலாம். லித்தியம்னா பாதி சார்ஜ் போதும், ஆனா வெளிய பனில கிடந்ததை எடுத்த உடனே சார்ஜ்ல போடாதீங்க, வீட்டுக்குள்ள குளிர் விட்ட அப்புறம் போடுங்க. விறகடுப்பு பக்கத்துலயும் வைக்காதீங்க.

கடைசியா வெல்டிங். எச்டிபி பம்பு பெரும்பாலும் 20 கிலோ பிரஷருக்கு மேல ஓடும், விரிசல் விட்ட ஹெட்டை வெல்டிங் வெச்சாலும், எம்-சீல் ஒட்டினாலும் ஒரு நாள் மருந்தோட முகத்துல பீய்ச்சும். புது ஹெட்டு மாத்திருங்க, பழசைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போனா மாடல் மாறாது, அப்படியே வால்வு, ஓ-ரிங், வாஷர் செட்டும் வாங்கிக்கங்க. பனி விட்டதும் மருந்து கலக்காம வெறும் தண்ணி ஊத்தி ஓட்டி கசிவு பாருங்க, நாசில்ல ஒரு நிமிஷம் எவ்வளவு தண்ணி வருதுன்னு அளவு ஜாடில பிடிங்க, அதே மாடல் புது நாசிலை விட 10 சதவீதத்துக்கு மேல அதிகமா வந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க.