மாயன் இடிபாடுகளுக்கு அருகே கடற்கரை விடுமுறை: ஆமைகளும் பறவைகளும் உண்மையில் கண்ணில் படுமா?

கேள்வி: டிசம்பரில் ஐந்து நாள் மெக்சிகோவின் கான்கூன் போகிறோம். மாயன் இடிபாடுகளையும் கடல் ஆமைகளையும் பார்க்க ஆசை. எட்டு வயது மகனும் வருகிறான். எப்படித் திட்டமிடலாம்?

படும். ஆனால் ஐந்து நாளையும் கான்கூன் ஓட்டல் வரிசையிலேயே கழித்தால் படாது. குறைந்தது இரண்டு இரவாவது தெற்கே துலூமிலோ அகுமாலிலோ தங்குங்கள். கான்கூனிலிருந்து துலூம் சுமார் 130 கிலோமீட்டர். தினமும் போய்வந்தால் விடிகாலை முழுவதும் சாலையிலேயே கழிந்துவிடும். உயிரினங்கள் நடமாடுவது அந்த நேரத்தில்தான்.

நாங்கள் ஒரு ஜனவரியில் போனோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். முதல் நாள் காலை எட்டு மணிக்குத் துலூம் இடிபாடுகளின் வாசலில் நின்றோம். கடலைப் பார்த்தபடி மாயன்கள் எழுப்பிய நகரம் அது. மூன்று பக்கம் மதில். நான்காவது பக்கம் சுமார் 12 மீட்டர் உயரப் பாறை, அதன் கீழே கரீபியன் கடல். துலூம் என்ற சொல்லுக்கே யுகாத்தேக் மாயா மொழியில் மதில் என்றுதான் பொருள். 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்த துறைமுகம் இது. குவாத்தமாலா மலைகளிலிருந்து கத்தி செய்ய உதவும் எரிமலைக் கண்ணாடிக் கல் படகேறி இங்கே வந்து இறங்கியிருக்கிறது. பெரிய கோவில் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே பவளத்திட்டில் ஓர் இடைவெளி உண்டு. படகுகள் அந்த வழியாகத்தான் உள்ளே வர முடியும். அவற்றுக்கு வழிகாட்டக் கோவிலின் மேல் சாளரங்களில் விளக்கேற்றினார்கள் என்று ஒரு கருத்து இருக்கிறது. பாறை ஓரத்தில் நின்று அலை உடையும் வெள்ளைக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அந்தக் கருத்து ஏன் பிறந்தது என்பது தானே விளங்கும்.

ஒரு சிறிய கோவிலின் வாசலுக்கு மேலே தலைகீழாக இறங்கும் தெய்வம் ஒன்று சுதைச் சிற்பமாக இருக்கிறது. மகள் அதைப் பார்த்தபடி நிற்கும்போதே பக்கத்துக் கல் அசைந்தது. கல் அல்ல, இகுவானா. நம் உடும்பின் உடம்பு, ஓணானின் முதுகு முட்கள், சாம்பல் நிறத்தில் கறுப்புப் பட்டைகள், வாலில் வளையம் வளையமாக முள் செதில்கள். வெயில் ஏறும்வரை அது அசைய விரும்புவதில்லை. நாங்களும் அசையாமல் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் அந்த ஒரே சுவரில் ஐந்தை எண்ணினாள். ஒன்று தலையை மேலும் கீழும் ஆட்டி இன்னொன்றை விரட்டியது. ஒன்பதரை, பத்து மணிக்குச் சுற்றுலா பஸ்கள் வந்து சேர்ந்ததும் எல்லாம் கல்லிடுக்குக்குள் போய்விட்டன. அங்கே நிழலே கிடையாது என்பதால் தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள்.

ஆமைகளுக்கு அகுமால். மாயா மொழியில் ஆமைகளின் இடம் என்று பொருள். அந்த ஆழமற்ற விரிகுடாவின் அடியில் கடற்புல் வளர்ந்திருக்கிறது. அதை மேயத்தான் பேராமைகள் ஆண்டு முழுவதும் வருகின்றன. மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேய்வது இதே இனம்தான். நாங்கள் போனபோது ஆமைகள் மேயும் பகுதிக்குள் வழிகாட்டியுடன் மட்டுமே விட்டார்கள், மிதவைச் சட்டையும் கட்டாயம். இந்தக் கெடுபிடியை நான் மனதார வரவேற்கிறேன். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தை நீரில் வைத்துக் காத்திருந்தோம். ஆளுயர ஆழத்தில் ஒரு பேராமை, ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்ட இரண்டு மீன்களோடு, புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடிக்கும் மணல் சிறு புகையாக எழும்பி அடங்கியது. மகள் தலையைத் தூக்கி, "அப்பா, மாடு மாதிரி மேய்கிறது!" என்று கத்தினாள். சில நிமிடம் கழித்து அது எங்களிடமிருந்து மூன்று கை தூரத்தில் மேலே வந்து, தலையை மட்டும் நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி இறங்கியது. அந்த மூச்சின் ஓசை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு வருத்தமும் நேர்ந்தது. வேறொரு குழுவை அழைத்து வந்தவர், மேலே வரும் ஆமையைப் படம் எடுக்கச் சொல்லித் தன் ஆட்களை அதன் மேலேயே வட்டமாக நிற்கவைத்தார். மூச்சுக்கு வந்த ஆமை பாதியில் திரும்பிவிட்டது. அது நுரையீரலால் சுவாசிக்கும் உயிர்; மேலே வரும் வழியை மறிப்பது அதன் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். உங்கள் மகனிடம் முன்பே சொல்லிவையுங்கள்: தொடக்கூடாது, துரத்தக்கூடாது, தலைக்கு மேலே போகக்கூடாது.

ஆமை நாளை முதல் இரண்டு நாளுக்குள் வையுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவ்வப்போது வடக்குக் காற்று வீசும். அங்கே நோர்தே என்பார்கள். அப்போது கடல் கலங்கிப் படகுகள் நின்றுவிடும். முதலிலேயே வைத்தால் மாற்று நாள் கையில் இருக்கும். மற்றபடி டிசம்பர் நல்ல தேர்வு. 2011 முதல் கரீபியன் கரைகளைத் தொல்லைப்படுத்தும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி பெருமளவில் கரை ஒதுங்கி, அழுகி நாறுவது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஆமைகள் முட்டையிடுவதைப் பார்க்க முடியாது, அதற்கு மே முதல் அக்டோபர் வரை வர வேண்டும். திமிங்கிலச் சுறா பார்க்கலாம் என்று டிசம்பரில் யாராவது டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள், அது கோடைகாலத்தில்தான்.

உள்நாட்டுப் பக்கம் கோபாவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். காட்டுக்குள் இருக்கும் இடிபாடு, 42 மீட்டர் உயரப் பிரமிடு. மாயன்கள் சுண்ணாம்புக் கல்லால் போட்ட வெள்ளைச் சாலைகள் இங்கிருந்து பிரிந்து போகின்றன; அவற்றில் ஒன்று யாக்சுனா வரை சுமார் 100 கிலோமீட்டர் நீளம். பாதையோரம் கோவாட்டி என்ற சிறு விலங்குகளின் கூட்டம் எதிர்ப்படலாம். நீண்ட மூக்கு, செங்குத்தாகத் தூக்கிய வளைய வால், குட்டிகள் பின்னால் வரிசையாக. பிஸ்கட் நீட்டாதீர்கள். மனிதர் கையிலிருந்து தின்று பழகியவை பிறகு பையைப் பறிக்கும், கடிக்கும்.

திரும்பும் வழியில் ஒரு செனோட்டே. இந்த யுகாத்தான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, அதனால் வடபகுதியில் தரைமேல் ஆறே கிடையாது. மழைநீர் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. மேற்கூரை இடிந்து விழுந்த இடங்கள்தான் இந்த இயற்கைக் கிணறுகள். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கக்கூடாது, முதலில் குளித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். குளிர்ந்த, கண்ணாடி போன்ற தண்ணீரில் மிதந்தபடி மனைவி மேலே கை காட்டினாள். பாறை ஓரத்துக் கொடியில் தோ பறவை. நீலப் புருவம், செம்பழுப்பு முதுகு. வாலிறகு இரண்டும் நடுவில் வெறும் ஈர்க்காக நீண்டு, நுனியில் மட்டும் துடுப்பாக விரிகின்றன; நம் துடுப்புவால் கரிச்சானைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அந்த வாலை அது கடிகார ஊசல் போல இப்படியும் அப்படியும் ஆட்டியது. செனோட்டே சுவர்களிலும் பழைய கட்டடங்களிலும் துளையிட்டுக் கூடு கட்டும் பறவை. அது இருந்தால் பக்கத்தில் தண்ணீர் இருக்கும் என்று எங்களை அழைத்துச் சென்ற ஓட்டுநர் சொன்னார். அவர் வீட்டில் பேசும் மொழி மாயாதான். மாயன்கள் மறைந்துபோன இனம் என்று மகனுக்குச் சொல்லிவிடாதீர்கள். லட்சக்கணக்கானோர் அந்த மொழியை இன்றும் பேசுகிறார்கள்.

ஒரு நாள் மிஞ்சினால் சியான் கான் இயற்கைக் காப்பகம், முயில் என்ற ஊர்ப் பக்கமாக. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம். மாயன்கள் வணிகத்துக்காக வெட்டிய கால்வாயில், மிதவைச் சட்டையைக் கோவணம் போலக் காலுக்கிடையே கட்டிக்கொண்டு, நீரோட்டத்தோடு மிதந்து போகலாம். கை கால் அடிக்க வேண்டாம், தண்ணீரே கொண்டுபோகும். இரு பக்கமும் சதுப்பு நிலம், நாணல், கொக்குகள். என் மகளுக்கு ஆமைக்கு அடுத்தபடி பிடித்தது இதுதான். உங்கள் மகனுக்கும் தாராளமாக முடியும். அவன் முகத்துக்குப் பொருந்தும் முகமூடியை மட்டும் ஊரிலேயே வாங்கி, குளியல் தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ நான்கு நாள் பழக்கிவிடுங்கள். வாடகை முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து என் மகளின் முதல் இருபது நிமிடம் அழுகையில் போனது.