எலி மருந்து கூகைக்கு எமனாகாமல் இருக்க எதை வாங்குவது?

கேள்வி: எங்கள் வீடு மயிலாடுதுறைக்கு அருகில் வயலை ஒட்டியுள்ளது. அறுவடைக்குப் பின் வீட்டுக்குள் எலித் தொல்லை மிகுந்துவிட்டது. கடைக்காரர் எலி கேக்கைப் பரிந்துரைத்து, "எலி வெளியே போய்ச் செத்துவிடும், நாற்றம் வராது" என்கிறார். பக்கத்துப் பாழடைந்த வீட்டில் ஆந்தை இனமான கூகைகள் தங்கியிருக்கின்றன. நாங்கள் பூனையும் வளர்க்கிறோம். அவற்றுக்குத் தீங்கு வருமா?

பதில்: வரக்கூடும். கடைக்காரர் நன்மையாகச் சொல்லும் அந்த "வெளியே போய்ச் சாவது"தான் இதில் பெரிய தீங்கு. கடைகளில் கிடைக்கும் எலி கேக்குகளில் பெரும்பாலும் 0.005 சதவீத புரோமடியலோன் இருக்கும். இது உடலில் வைட்டமின் கே செயல்படுவதைத் தடுத்து, இரத்தம் உறையாமல் செய்கிறது. தின்ற எலி உடனே சாவதில்லை. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அது மேலும் மேலும் கேக்கைத் தின்று, நஞ்சைக் கல்லீரலில் சேர்த்துக்கொண்டு, தளர்ந்த நடையுடன் வெட்டவெளியில் திரிகிறது. கூகை, சாரைப்பாம்பு, கீரி, உங்கள் பூனை ஆகியவற்றுக்கு எளிதில் அகப்படுவது அந்த எலிதான். கூகை எலியை முழுதாக விழுங்குவதால் கல்லீரலில் உள்ள நஞ்சும் அதனுடன் உள்ளே போய்விடுகிறது. நாற்றம் வராது என்பதற்கும் உறுதி இல்லை; பரண் மேலும் சுவர்ப் பொந்திலும் செத்துக் கிடக்கும் எலிகள் பல.

என் கருத்தில், நீங்கள் முதலில் வாங்க வேண்டியவை கம்பி வலையும் சிமென்டும். சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே நுழைந்துவிடும் என்பதால், அதைவிடச் சிறிய கண்ணுள்ள துத்தநாகம் பூசிய இரும்பு வலையைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் கொசுவலையை எலி கடித்துவிடும். தண்ணீர் வெளியேறும் துளை, குழாய் நுழையும் இடம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து ஆகியவற்றை அடைத்து, கதவின் அடியில் தகடு பொருத்துங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் துளையில் திணித்து மேலே சிமென்ட் பூசினால் எலி எளிதில் குடையாது. அரிசியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள்; பூனைக்கு வைத்த சோற்றை இரவில் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் எலிகளுக்குக் கூண்டு நல்லது. தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்து, சுவரோரமாக வைத்து, காலையில் தவறாமல் பாருங்கள். வேறு உயிரினம் சிக்கினால் விடுவிக்க முடியும் என்பதே கூண்டின் சிறப்பு. நீண்ட கூர்மூக்குள்ள மூஞ்சூறு எலியினமே அன்று. கரப்பான் பூச்சிகளைத் தின்னும் அதை வெளியே விட்டுவிடுங்கள். விசையால் அடிக்கும் பொறியை வாங்கினால், பூனையின் கால் நுழையாத பெட்டிக்குள் வைக்க வேண்டும். பசை அட்டையைத் தயவுசெய்து வாங்காதீர்கள்: பல்லியும் அரணையும் சிறு பறவைகளும் அதில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் துடித்துச் சாகின்றன.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழக அரசு தடை செய்துள்ளது. மனிதரின் கல்லீரலைச் சிதைக்கும் அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

கேக்கை ஏற்கெனவே வைத்திருந்தால், மிஞ்சியதைக் கையுறை அணிந்து சேகரியுங்கள், வாய்க்காலில் எறியாதீர்கள். செத்த எலிகளை ஆழமாகப் புதையுங்கள். பூனை சோர்ந்து, ஈறில் இரத்தம் கசிந்தால், மருந்தின் உறையுடன் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். வைட்டமின் கே1 இதற்கான மாற்று மருந்து என்பதால், காலத்தோடு போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

கேள்வி: மின்சாரச் செருகியில் பொருத்தினால் நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி எலியை விரட்டும் கருவியை இணையத்தில் விற்கிறார்கள். உயிரைக் கொல்லாத வழி என்பதால் வாங்க விரும்புகிறேன். வாங்கலாமா?

பதில்: உங்கள் நோக்கம் நல்லது, ஆனால் அந்தக் கருவிக்குப் பணம் செலவிட வேண்டாம். எலிகள் அவ்வொலிக்கு விரைவில் பழகிவிடுகின்றன. நடுவில் சுவரோ அலமாரியோ இருந்தால் ஒலி அதைத் தாண்டியும் செல்லாது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001-இலேயே, இத்தகைய கருவிகளின் தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களுமாக 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, சான்றில்லாமல் பலன் கூறி விளம்பரம் செய்யக் கூடாது என எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஏற்கெனவே வாங்கிப் பயனில்லாமல் போயிருந்தால், இரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்யலாம்.