லூட் பாக்ஸ்: சதவீதத்தைப் போட்டுவிட்டால் போதுமா?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து கோவையில் ஒரு மொபைல் கேம் செய்துவருகிறோம். கேம் இலவசம். உடைகள், வண்டி ஸ்கின்கள் (தோற்றத்தை மாற்றும் அலங்காரங்கள்) விற்று வருமானம் பார்க்கலாம் என்பது திட்டம். எங்களோடு பேசிவரும் பப்ளிஷர், அவற்றைத் தனித்தனியாக விற்காமல் லூட் பாக்ஸில், அதாவது பணம் கட்டித் திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாத பெட்டியில், போடச் சொல்கிறார். "எது கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று வெளியிட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது" என்கிறார். மனசு ஒப்பவில்லை. அவர் சொல்வது சரிதானா?

பதில்: சதவீதத்தை வெளியிட்டே ஆக வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து ஆப்பிள் ஆப் ஸ்டோரின் விதி அது; கூகுள் பிளேயும் கேட்கிறது. விதிக்குக் கட்டுப்படுவதை நேர்மை என்று உங்கள் பப்ளிஷர் காட்டப் பார்க்கிறார். லூட் பாக்ஸில் எனக்கு இருக்கும் ஆட்சேபம் வேறு: வாங்குகிறவருக்குத் தான் ஆசைப்படும் பொருளின் விலை தெரியாது.

கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 5 நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90 முறை முயல்வதற்குள் ஒன்று உறுதி. ஆனால் அது நீங்கள் கேட்டதாக இல்லாமல் போகலாம். அப்படியானால் மறுபடி 90 வரை போக வேண்டும். ஆக மோசமான நிலையில் 180 முறை. ஒரு முறைக்கு 160 பிரைமோஜெம் (கேமுக்குள் செல்லும் நாணயம்) என்றால் மொத்தம் 28,800. ஏறக்குறைய 100 டாலர் பொதியில் 8,080தான் வரும். அப்படி 4 பொதி வாங்க வேண்டும். இத்தனை எண்ணும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது, எதுவும் ரகசியமில்லை. இருந்தும் 13 வயதுப் பையன் எவனும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டா பட்டனை அழுத்துகிறான்? 2025 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. இந்த கேமின் வெளியீட்டாளரோடு 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்தபோது, வாய்ப்பு விவரத்தோடு நிற்கவில்லை. கேம் நாணயத்தின் மாற்று விலையைச் சொல்ல வேண்டும், பெட்டியை நேரடியாக நிஜப் பணத்தில் வாங்கவும் வழி வேண்டும், 16 வயதுக்குக் கீழ் பெற்றோர் சம்மதமின்றி விற்கக் கூடாது என்றும் நிபந்தனைகள் போட்டது.

சதவீதம் என்பதும் பலருக்குத் தப்பாகவே புரிகிறது. 1 சதவீதம் என்றால் 100 தடவை திறந்தால் கிடைத்துவிடும் என்று நினைப்போம். இத்தனை முறைக்குள் உறுதி என்ற வரம்பு இல்லாத பெட்டியை 100 பேர் தலா 100 தடவை திறந்தால், சுமார் 37 பேருக்கு அந்தப் பொருள் கிடைக்காது.

விலையைத் திறந்து காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ராக்கெட் லீக் என்ற கேம் நல்ல உதாரணம். 2019 டிசம்பரில் பணம் கட்டித் திறக்கும் பெட்டிகளை எடுத்துவிட்டு, பொருளையும் விலையையும் முன்கூட்டியே காட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். உடனே ரசிகர்கள் கொதித்தார்கள்: ஒரு ஸ்கின்னுக்கு இவ்வளவா! சில நாட்களிலேயே விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. பெட்டி இருந்த காலத்தில் அதே ஆட்கள் எவ்வளவு கொட்டினார்களோ, யாருக்குத் தெரியும்.

"வெறும் அலங்காரப் பொருள்தானே, ஜெயிக்க உதவாதே" என்றும் உங்கள் பப்ளிஷர் சொல்வார். பள்ளியில் பக்கத்து சீட்டுக்காரனிடம் இருக்கும் ஸ்கின் தன்னிடம் இல்லையே என்று தவிக்கும் பிள்ளையிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியம். ஆய்வாளர்கள் டேவிட் செண்டில், பால் கெய்ன்ஸ் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சூதாட்டப் பிரச்சினை தீவிரமாக உள்ளவர்கள் லூட் பாக்ஸுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதாகத் தெரிந்தது. பெட்டியால் பிரச்சினையா, பிரச்சினை உள்ளவர் பெட்டியைத் தேடி வருகிறாரா என்பது அதில் தீராத கேள்வி. விற்கிற உங்களுக்கு எதுவானாலும் ஒன்றுதான். நிறுத்த முடியாமல் தவிப்பவரின் காசு உங்கள் கணக்கில் வந்து விழும்.

சட்டம்? பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் பணம் கட்டித் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. இந்தியாவின் 2025 ஆன்லைன் கேமிங் சட்டம் குறிவைப்பது, பணமோ வேறு ஆதாயமோ ஜெயிக்கலாம் என்று நம்பிப் பணம் கட்டும் விளையாட்டுகளை. உங்கள் ஸ்கின்களை வெளியே காசுக்கு விற்க முடியுமானால், வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு அடி வைக்காதீர்கள்.

என் யோசனை: நேரடியாக விற்பதையே பேசிப் பாருங்கள். பப்ளிஷர் மசியவில்லை என்றால், பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் ரூபாய் விலையில் தனியாகவும் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்புறம் பெட்டி திறக்கும்போது ஓடும் அந்த அனிமேஷன். முடிவு சர்வரில் ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கும்; ஆனால் சக்கரம் தங்க ஸ்கின்னை மயிரிழையில் தாண்டி நிற்பதுபோலக் காட்டுவார்கள். அது பச்சைப் பொய், அதற்கு மட்டும் நிரல் எழுதிக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பெட்டி விற்பனையே வேண்டாம். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் விலை, விற்பனை முறை பற்றிய கடைசி முடிவு யாருடையது என்று தேடிப் படியுங்கள். பப்ளிஷருடையது என்று இருந்தால், மேலே சொன்னதையெல்லாம் வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், அடுத்த அப்டேட்டில் அவர் மாற்றிவிட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.