தோல்விக்கும் காசு வேண்டும்

அன்புள்ள ரீச்சர்,

கொக்குவிலில் மென்பொருள் வேலை செய்கிறேன். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து, புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்காக மாதம் ஒருமுறை மாலை நேரச் சந்திப்பு ஒன்றை நடத்துகிறோம். அமெரிக்காவின் போல்டர் நகரத்து முதலீட்டாளர் பிராட் ஃபெல்ட் 2012இல் எழுதியதுபோல, தொழில் செய்பவர்களே முன்னின்று நடத்த வேண்டும், விரும்பும் எவரும் கலந்துகொள்ளலாம் என்பதுதான் எங்கள் கொள்கை. கட்டணம் இல்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனாலும் வருவது பட்டணத்தைச் சுற்றியிருக்கும் அதே ஆண்கள்தான். பெண்களும் வடமராட்சி, தீவுப்பகுதிக் கிராமத்தவர்களும் வருவதில்லை. அவர்களை எப்படி வரவழைப்பது? தமிழிலேயே நடத்தினால் தரம் குறைந்துவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

இன்னொன்று. மெக்சிக்கோ நகரில் 2012இல் நண்பர்கள் சிலர் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் தோல்விக் கதை இரவுகளைப்போல இங்கும் ஒன்றை நடத்தப் போகிறோம். தோற்பதற்கு எங்கள் சமூகம் வெட்கப்படுகிறது. அந்த வெட்கம் போனால் எல்லோரும் துணிந்து தொழில் தொடங்குவார்கள் என்று நம்புகிறோம். நீங்கள் வந்து தொடக்கவுரை ஆற்ற வேண்டும்.

அன்புடன்,
கொக்குவில் வாசகன்

---

அன்புள்ள தம்பி,

பல மாதங்களாக மனத்துக்குள் வைத்துப் பொருமிக்கொண்டிருந்த ஒன்றை உமது கடிதத்தின் கடைசிப் பந்தி கிளறிவிட்டது. இந்தப் பதில் அதற்காகத்தான். மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

தமிழில் நடத்தும். அதில் பேச ஒன்றுமில்லை. தன் சரக்கின் அடக்கவிலையையும் ஆதாயத்தையும் சொந்த மொழியில் விளக்கத் தெரியாதவரை ஆங்கிலம் காப்பாற்றப் போவதில்லை.

நேரத்தைப் பற்றி நீர் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 2007இல் போல்டரில் தொடங்கி உலகமெல்லாம் பரவிய ஸ்டார்ட்அப் வீக்கெண்ட் என்னும் புதுத்தொழில் முகாம், வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை 54 மணித்தியாலம் நடக்கும். அவ்வளவு நேரம் வீட்டைவிட்டு இருக்க முடிந்தவர் யார் என்று யோசித்துப் பாரும். நீர் மாலையில் சந்திப்பு வைக்கிறீர். குறிகட்டுவானில் கடைசிப் படகு போய்விட்டால் நெடுந்தீவுக்காரருக்கு அன்றிரவு வீடு இல்லை. கன்சஸ் சிற்றியில் 2012இல் கோஃப்மன் அறக்கட்டளை தொடங்கிய ஒன் மில்லியன் கப்ஸ் என்னும் தொழில் தொடங்குபவர்களின் சந்திப்பு புதன்கிழமை காலையில், ஒரு கோப்பைக் கோப்பியோடு நடக்கிறது. அங்கே ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேசி முடித்ததும், உமக்கு நாங்கள் எல்லோரும் என்ன செய்யலாம் என்று சபையிலிருந்து கேட்பார்கள். அந்தக் கேள்வியை மட்டும் நீர் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கதவு. தம்பி, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே போகும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிவாங்கிய ஊர் இது. இவ்வளவு எழுதிய உமது கடிதத்தில் சாதி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சந்திப்பு யாருடைய மண்டபத்தில் நடக்கிறது, முன்வரிசையில் யார் இருப்பார்கள், தேநீரை யார் ஊற்றுவார்கள் என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே ஒருவர் படியேறுகிறார். கதவைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டு, ஏன் வரவில்லை என்று கேட்பது அழைப்பு ஆகாது. நீர்தான் அவர்களிடம் போக வேண்டும். வரவழைப்பது எப்படி என்ற கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

இனித் தோல்விக் கதை இரவுக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு பெண் இருக்கிறார். போர் முடிந்து, கணவர் இல்லாமல், பிள்ளைகளோடு ஊர் திரும்பியவர். கறித்தூள் வறுத்து இடித்து விற்கத் தொடங்கினார். செத்தல் மிளகாயைக் கருகவிடாமல், கையில் எடுத்தால் நொறுங்கும் பதத்தில் இறக்குவார். மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் தனித்தனியே வறுபடும். கறிவேப்பிலையை நிழலில் காயப்போட்டுக் கடைசியில்தான் சட்டியில் போடுவார். லண்டனுக்குப் போகும் பெட்டிகளில் அவருடைய தூள் போனது. கை உரல் போதாமல், ஒரு நிதி நிறுவனத்தில் குழுக்கடன் எடுத்து அரைக்கும் இயந்திரம் வாங்கினார். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுத்த கடன் அது.

ஒரு கார்த்திகையில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. மொத்தமாக வாங்கி அடுக்கியிருந்த செத்தல் மூட்டைகளில் பூஞ்சணம் பிடித்தது. தவணை தவறத் தொடங்கியது.

அந்த நாட்களில் ஒருமுறை தூள் வாங்கப் போயிருந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் முற்றத்தில் நின்றான். இருபது வயதுகூட இராது. அவன் திட்டவில்லை, சத்தம் போடவும் இல்லை. பிணை நின்ற மற்ற நான்கு பெண்களும் வந்து சேரும்வரை பேசாமல் நின்றான். பிறகு பேச வேண்டியதையெல்லாம் அவர்களே பேசினார்கள். கூடப் படித்தவர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். இவர் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும், அவர்களிடமும் இல்லை. அந்தப் பெண் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கும் பதில் சொல்லாமல், என் கையில் இருந்த தூள் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2018இல் அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துத் தவணை தவறியிருந்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்தது. இவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்கு முன்பே தாலிக்கொடியை அடகு வைத்து, இயந்திரத்தையும் விற்றுக் கடனை அடைத்துவிட்டார். இப்போது வேறொருவருடைய சமையற்கூடத்தில் நாட்கூலிக்கு வறுக்கிறார்.

இவரை உமது மேடைக்கு அழைப்பீரா? அழைத்தால் என்ன சொல்லச் சொல்வீர்? தோல்வி எனக்குப் பாடம் கற்பித்தது என்றா?

இதே ஊரில் ஓர் இளைஞர் தங்குவிடுதி ஒன்று தொடங்கினார், சரிவரவில்லை, மூடினார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் காசு அனுப்பிக் கடனைத் தீர்த்தார். இளைஞர் வேறொரு தொழில் தொடங்கினார், அது நன்றாக நடக்கிறது. தான் தோற்ற கதையை இப்போது கூட்டங்களில் அழகாகச் சொல்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கறித்தூள் விற்ற பெண்ணைவிட அவர் துணிந்தவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டாவது தடவை தொடங்குவதற்கு அவருக்கு அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்தில் முதலீட்டாளர் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு அண்ணன்தான். அந்த அண்ணனை அனுப்புவதற்கு விற்கக் காணி யாரிடம் இருந்தது, யாரிடம் இருக்கவில்லை என்று பாரும். நீர் எழுதாமல் விட்ட சாதி அங்கேயும் நிற்கிறது.

சிலிக்கன் பள்ளத்தாக்கில் தோல்வியைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அங்கே முதலீட்டாளர் கடன் கொடுப்பதில்லை, பங்கு வாங்குகிறார். கம்பனி விழுந்தால் போவது அவர் போட்ட காசு. தொடங்கியவர் மறுநாள் இன்னொரு கம்பனியில் வேலைக்குப் போகலாம். யாரும் அவர் வீட்டு முற்றத்தில் வந்து நிற்பதில்லை. பத்தில் பல விழும் என்று தெரிந்துதான் காசு போடுகிறார்கள். நட்டத்தைத் தாங்க ஒருவர் இருப்பதால்தான் அந்தப் பேச்சும் சிரிப்பும் வருகின்றன. அந்தப் பேச்சை மட்டும் இங்கே கொண்டுவந்து, தாங்கும் ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிட்டீர்கள். நகையை அடகு வைத்துத் தொழில் செய்யும் ஊரில், வெட்கம் போனால் துணிவு வரும் என்கிறீர். அந்தப் பெண்ணுக்கு இருப்பது வெட்கம் என்று எப்படி முடிவுசெய்தீர்? அவர் கணக்குத் தெரிந்தவர். இன்னொரு தடவை விழுந்தால் பிள்ளைகளின் படிப்பு நிற்கும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்.

ஆகவே தொடக்கவுரைக்கு நான் வரமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் போன்ற பிள்ளைகள்மேல் எனக்கு மிகுந்த அன்பு உண்டு. யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புகளில் தன்னார்வலர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து மாணவர்களுக்குப் போட்டியும் பயிற்சியும் நடத்தும்போது, இந்த ஊருக்கு இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மகிழ்ந்திருக்கிறேன். உம்மை ஏசுவதும் அந்த உரிமையில்தான்.

என் அம்மா சீட்டுப் பிடித்தவர். மாதம் ஒரு பின்னேரம் எங்கள் விறாந்தையில் பெண்கள் கூடுவார்கள். பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிச் சுருட்டிச் செம்புக்குள் போட்டுக் குலுக்கி, என்னை எடுக்கச் சொல்வார்கள். ஒரு மாதம் அம்மா செம்பை எடுக்கவே இல்லை. சீட்டில் இருந்த ஒருவரின் கணவர் பனையிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த மாதக் காசு அவளுக்கு என்று அம்மா சொன்னார். யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும், தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு அந்தக் காசைத்தான் நம்பியிருந்ததாக முணுமுணுத்தார். சடங்கைப் பிந்தி வைக்கலாம், முள்ளந்தண்டைப் பிந்தி வைக்கலாமா என்று அம்மா கேட்டார். அடுத்த மாதம் அவருக்குக் கொடுப்பதாக முடிவானது. அங்கேயும் பெண்கள் குழுவாகத்தான் இருந்தார்கள், அங்கேயும் ஒருவருக்கொருவர் பொறுப்புத்தான். ஆனால் ஒருத்தி விழுந்தபோது மற்றவர்கள் தங்கள் முறையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். குழுக்கடனில் அதே பெண்களை ஒருத்தியின் முற்றத்துக்கு வசூலுக்கு அனுப்புகிறார்கள்.

அகமதாபாத்தில் 1972இல் இலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சேவா சங்கத்தைப் பற்றிப் படித்துப் பாரும். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கி தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், பலருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. கடன் கொடுத்துப் பார்த்தபோது தவணை தவறுவது சோம்பலால் அல்ல என்று கண்டார்கள். நோயும் சாவும் வெள்ளமும் வரும்போதுதான் தவறியது. அதனால் 1992இல் தங்களுக்கென்று காப்புறுதியும் தொடங்கினார்கள். ஏழைப் பெண்ணைத் தொழிலுக்குள் சேர்ப்பது என்றால் இதுதான் வேலை.

இங்கும் அது புதிதல்ல. மூளாயில் 1936இல் ஊரவர்கள் கூட்டுறவாக ஓர் ஆஸ்பத்திரி நிறுவினார்கள். நீர் புத்தக வெளியீட்டுக்குப் போகும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கியது. கூட்டுறவு என்றதும் உமது தலைமுறை சங்கக்கடை வரிசையை நினைத்து முகம் சுளிக்கிறது.

செய்வதானால் இதைச் செய்யும். உங்கள் சந்திப்புக்கு வரும் சம்பளக்காரர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு தொகை போடட்டும். தொழில் விழுந்தவருடைய முதல் மூன்று தவணைகளை அந்தக் காசிலிருந்து கட்டும். வட்டி வேண்டாம். திருப்பித் தர முடிந்தால் தரட்டும். யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், சீட்டுப் பிடித்துப் பழகிய பெண்கள் ஐந்தாறு பேரிடம் விடுங்கள். அவர்களைத் தேடிப் பகலில் போம், அவர்கள் முற்றத்தில் பாயில் இருந்து பேசும். வெளிநாட்டுக் காசு வந்தால் வாங்கலாம், ஆனால் அனுப்புபவருக்குத் தீர்மானத்தில் இடம் கொடுக்க வேண்டாம். கணக்குக் கொப்பியையும் அந்தப் பெண்களிடமே கொடுத்துவிடும். முதல் மாதத்துக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் தருகிறேன். வாங்கிக்கொள்ள அவர்களில் ஒருவரை அனுப்பும்.