டைம்அவுட், லேட்டன்சி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, ரிப்போர்ட் எடுக்கும் பக்கம் ஒவ்வொரு தடவையும் சரியாக 60 விநாடியில் 504 (பின்னால் உள்ள சர்வரின் பதில் நேரத்துக்குள் வரவில்லை என்ற பிழை) காட்டுகிறது. பிஹெச்பியில் நேரத்தை 300 ஆக்கியும் அதே கதை.

பதில்: துப்பை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப அறுந்தால், யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். கோரிக்கையை முதலில் வாங்கி பிஹெச்பிக்குக் கொடுக்கும், முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் ரீட் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) டீஃபால்டாக 60 விநாடி, பின்னால் பிஹெச்பிக்கு எத்தனை அவகாசம் கொடுத்தாலும் அதற்கு அது தெரியாது. அதையும் 300 ஆக்கலாம்தான், நானாக இருந்தால் ரிப்போர்ட்டைப் பின்னணி வேலையாக க்யூவில் போட்டுவிட்டு, முடிந்ததும் டவுன்லோட் லிங்க் கொடுப்பேன்.

கேள்வி: அப்படியானால் பத்து நிமிடம் ஓடும் பெரிய டவுன்லோட் மட்டும் எப்படி அறுபடாமல் வருகிறது?

பதில்: அந்த 60 மொத்தப் பதிலுக்கான கெடு இல்லை. ஒரு தடவை டேட்டா வந்ததற்கும் அடுத்த தடவை வருவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு. சொட்டுச் சொட்டாக வந்தாலும் போதும், கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

கேள்வி: சர்வர் சும்மாதான் இருக்கிறது, ஆனால் தூர நாட்டுப் பயனர்கள் மெதுவாக இருக்கிறது என்கிறார்கள். பேண்ட்வித்தைக் கூட்டட்டுமா?

பதில்: வேண்டாம், காசுக்குக் கேடு. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் போய்வர 100 மில்லிவிநாடி (இந்தத் தாமதம்தான் லேட்டன்சி), அதுவும் கேபிள் நேர்கோட்டில் போனால். கனெக்ஷன் ஏற்படுத்தும் டிசிபி கைகுலுக்க ஒரு நடை (போய்வருவது ஒரு நடை), டேட்டாவை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3க்கு ஒரு நடை (1.2 என்றால் இரண்டு), அப்புறம் கோரிக்கைக்கு ஒரு நடை. முதல் பைட் வருவதற்குள் 300 மில்லிவிநாடி போய்விட்டது, உங்கள் கோடு ஒரு வரிகூட தப்புச் செய்யாமலே. நடையைக் குறையுங்கள்: சிடிஎன் (பயனருக்குப் பக்கத்திலிருந்தே பதில் தரும் சர்வர் வலை) வையுங்கள், திறந்த கனெக்ஷனை மூடாமல் மறுபடி பயன்படுத்துங்கள்.

கேள்வி: லோட் பேலன்சருக்கு (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) பின்னால் நோட் (Node.js) ஆப். எப்போதாவது ஒரு 502 (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை) வருகிறது, லாகில் ஒன்றுமே இல்லை.

பதில்: இதே விஷயம் என் இரண்டு ராத்திரித் தூக்கத்தைத் தின்றது. நோடின் பல பதிப்புகளில் கீப்அலைவ் (சும்மா இருக்கும் கனெக்ஷனைத் திறந்தே வைத்திருக்கும் நேரம்) 5 விநாடி, லோட் பேலன்சரில் பெரும்பாலும் 60. நோட் கனெக்ஷனை மூடும் அதே கணத்தில் பேலன்சர் அதிலேயே புதுக் கோரிக்கையை அனுப்பினால் 502தான். கோரிக்கை ஆப்புக்குள் வரவே இல்லை, லாகில் எப்படி இருக்கும்? நோடில் 65 வையுங்கள், பேலன்சரே முதலில் மூடட்டும்.

கேள்வி: கனெக்ஷன் ரெஃப்யூஸ்டும் டைம்அவுட்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ரெஃப்யூஸ்ட் என்றால் பெரும்பாலும் மெஷின் வரை போய்ச் சேர்ந்தீர்கள், அந்த போர்ட்டில்தான் (மெஷினில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) ஆள் இல்லை. டைம்அவுட் என்றால் பதிலே இல்லை, முதலில் ஃபயர்வாலை (வரும் கோரிக்கைகளை வடிகட்டும் காவல்) பாருங்கள்.