வேகம் 94-லேயே நிற்கிறதா? கேபிளைப் பாருங்கள்

300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்து, கேபிளில் இணைத்தும் டவுன்லோடு 94-ஐத் தாண்டவில்லை என்கிறீர்கள். அந்த 94 தான் துப்பு. லைன் மோசமாக இருந்தால் வேகம் ஏறி இறங்கும், இப்படி ஒரே எண்ணில் நிற்காது. கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவில் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்த இணைப்பில் நடைமுறையில் கிடைப்பது 94 அளவுதான்.

ஈதர்நெட் கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு வந்துவிடும். விண்டோஸின் ஈதர்நெட் அமைப்பில் லிங்க் ஸ்பீடு 100/100 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், திட்டத்தை மாற்றிப் பணத்தை வீணாக்காமல் முதலில் வேறு கேட்-5இ (ஜிகாபிட் தாங்கும் வகை) கேபிள் போட்டுப் பாருங்கள். அப்புறமும் அதே 100 தான் என்றால், ரூட்டரின் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம். மலிவான ரூட்டர்கள் சிலவற்றில் அப்படித்தான்.